மூன்று கஜானா, 66 ஆன்டெனா: அட்டகாமா நாட்குறிப்பு

வியாழன், சாந்தியாகோ

சிலி நாட்டின் வடக்கே, அட்டகாமா பாலைவனத்தின் மேல்மட்டத்தில், 5,000 மீட்டர் உயரத்தில் 66 ரேடியோ ஆன்டெனாக்கள் நிற்கின்றன. எந்த நாடு கட்டியது என்று கேட்டால் ஒரே மூச்சில் பதில் சொல்ல முடியாது. ஈசோ எனப்படும் ஐரோப்பியத் தெற்கு வானாய்வகம், அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை, ஜப்பானின் தேசிய வானியல் ஆய்வகம் ஆகிய மூன்றும் தலைக்கட்டுகள். அமெரிக்காவோடு கனடாவும், ஜப்பானோடு தென்கொரியாவும், இரண்டு பக்கமும் தைவானும் சேர்ந்திருக்கின்றன. இடம் கொடுத்தது சிலி. எல்லாம் சேர்ந்து ஒரே தொலைநோக்கி, பெயர் அல்மா. ஞாயிற்றுக்கிழமை அங்கே போக முன்பதிவு செய்திருக்கிறோம்.

நாங்கள் என்றால் நானும் என் மனைவியின் தம்பியும். எனக்கு வேலை, ஆய்வுக் கருவிகளுக்கான கொள்முதல் ஒப்பந்தங்களைப் பார்ப்பது. அவருக்குத் திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி கட்டும் பட்டறை இருக்கிறது. வானியலில் அவருக்கு அக்கறை கிடையாது. ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு போக 28 டயர் போட்ட ஒரு வண்டி அங்கே இருக்கிறது என்று நான் வாய்விட்டதுதான் தாமதம், டிக்கெட் எடுத்துவிட்டார்.

அல்மாவின் நிர்வாகம் சாந்தியாகோவின் விட்டாக்குரா பகுதியில், ஈசோ வளாகத்தை ஒட்டிய கட்டடத்தில் நடக்கிறது. வெளியிலிருந்து பார்த்தோம்; மரமும் புல்வெளியுமாக அமைதியான இடம். உள்ளே இருப்பதன் பெயர் கூட்டு அல்மா வானாய்வகம். வேடிக்கை என்னவென்றால், இந்தக் கூட்டு அமைப்புக்கு என்று தனியான சட்ட உருவம் இல்லை. உள்ளூர் ஊழியர்களுக்கு அமெரிக்கத் தரப்பின் நிறுவனம் முதலாளி. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அவரவரை அனுப்பிய தரப்பின் ஆட்கள். ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்கு வெவ்வேறு சம்பள விதி, வெவ்வேறு விடுமுறை விதி. இயக்குநருக்குப் பொறுப்பு முழுவதும் உண்டு, கஜானாச் சாவி கிடையாது. இப்படி ஓர் அமைப்பை நான் என் அலுவலகத்தில் எழுதி நீட்டினால், தணிக்கைத் துறை என்னையே ஒரு தணிக்கைக் குறிப்பாக்கிவிடும்.

இது எப்படி வந்தது என்பதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1990களில் மூன்று தரப்பும் தனித்தனியே திட்டம் வைத்திருந்தன. அமெரிக்கர்கள் 8 மீட்டர் ஆன்டெனாக்கள் வேண்டும் என்றார்கள். ஐரோப்பியர்கள் 16 மீட்டர் என்றார்கள். ஜப்பானியர்கள் 10 மீட்டர். தனியாகக் கட்டுமளவுக்கு யார் கையிலும் பணம் இல்லை. 1997இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் சேர்ந்துகொள்வது பற்றிப் பேசத் தொடங்கின. முடிவில் ஆன்டெனா 12 மீட்டர் ஆனது. எட்டுக்கும் பதினாறுக்கும் சரியான நடுவில்! அறிவியல் காரணங்கள் நிறையச் சொல்வார்கள், அவை உண்மையும்கூட. ஆனால் பேரம் பேசி வயிறு வளர்க்கும் எனக்கு அந்த எண்ணைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

25 பிப்ரவரி 2003 அன்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அந்த நவம்பரில் பூமி பூஜை. ஜப்பான் முறைப்படி சேர்ந்தது 2004இல்.

இரவு சாப்பாட்டில் இதை மாப்பிள்ளையிடம் விளக்கினேன். மூன்று பேரும் பணத்தைப் பொதுப்பெட்டியில் போடவில்லை, பொருளாகக் கொடுத்தார்கள். இந்த ஆன்டெனாக்கள் உன் பொறுப்பு, வானத்து அலைகளை வாங்கும் இந்த ரிசீவர் என் பொறுப்பு, கட்டடம் அவர் பொறுப்பு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 2000ஆம் ஆண்டு டாலர் கணக்கில் ஒரு மதிப்புப் போட்டுக்கொண்டார்கள். கொடுத்தவருக்கு உண்மையில் எவ்வளவு செலவானது என்பது அவர் பாடு.

"நம் ஊர் வைகாசி விசாகத்தில் மண்டபக் கட்டளை மாதிரி என்று சொல்லுங்கள் மாமா," என்றார் அவர். "இந்த நாள் இவர்களுடையது, அந்த நாள் அவர்களுடையது. பூ வாங்கினார்களா, வாணவேடிக்கை விட்டார்களா என்று யாரும் ரசீது கேட்க மாட்டார்கள். சாமி புறப்பாடு நேரத்துக்கு நடந்தால் போதும்."

நான் சொன்னதைவிட அவர் சொன்னது தெளிவாக இருந்தது.

வெள்ளி, கலாமா வழியாக சான் பெத்ரோ

காலை விமானம். இரண்டு மணி நேரத்தில் கலாமா. சன்னலோர இருக்கையிலிருந்து பார்த்தால் பச்சை என்ற நிறமே மறந்துவிடும். கலாமா தாமிரச் சுரங்கத்தின் ஊர், சுக்கிகமாட்டா பக்கத்தில்தான். அங்கே ஓடும் ராட்சத டிப்பர்களைப் பார்க்க வேண்டும் என்று மாப்பிள்ளை துடித்தார். நேரமில்லை என்று இழுத்துக்கொண்டு வந்தேன். சான் பெத்ரோ தெ அட்டகாமா வரை 100 கிலோமீட்டர் சாலை. முகம் காட்டியபடியே எரிமலைகள் கூட வருகின்றன. அவற்றில் கூம்பாக நிற்பது லிக்கன்காபூர், 5,916 மீட்டர்.

ஊர் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மண் சுவர், மண் தெரு, மண் நிறத்தில் நாய்கள். ஜூலை மாதம் என்பதால் வெயிலில் நின்றால் சுடுகிறது, நிழலில் நின்றால் நடுங்குகிறது. மெதுவாக நடக்கச் சொன்னார்கள், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்கள். ரிக்கா ரிக்கா என்ற மூலிகை போட்ட ஐஸ்கிரீம் இங்கே பெயர் பெற்றது. துளசியும் புதினாவும் கலந்த மாதிரி ஒரு வாசனை. ஒன்று போதும்.

விடுதியில் படுத்துக்கொண்டு பணக் கதையை மீண்டும் அசைபோட்டேன். முதலில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் பேசியது 64 ஆன்டெனாவுக்கு. டெண்டர் விலை வந்தபோது கண் பிதுங்கியது. உலகச் சந்தையில் எஃகும் மற்ற பொருள்களும் ஏறியிருந்தன. 2005இல் திட்டத்தையே மறுபடி அடியிலிருந்து கணக்குப் பார்த்து, இந்த இரு தரப்பின் பங்கை 50 ஆன்டெனாவாகக் குறைத்தார்கள். அப்படியும் அமெரிக்கப் பங்குக்கான கட்டுமான ஒதுக்கீடு சுமார் 34 கோடி டாலரிலிருந்து 50 கோடி டாலருக்குப் போனது.

இந்த இடத்தில் பலரும் "திட்டமிடல் தோல்வி" என்று எழுதுவார்கள். எனக்கு உடன்பாடில்லை. நடுவழியில் நின்று, 'இதுதான் உண்மையான விலை, இவ்வளவுதான் வாங்க முடியும், வேண்டுமா வேண்டாமா' என்று மூன்று கண்டத்து அரசாங்கங்களையும் கேட்பதற்குத் துணிச்சல் வேண்டும். பழைய எண்ணையே பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திய மதிப்பீடு போட்டு இழுத்துக்கொண்டு போவது எளிது. அப்படிப் போகும் கோப்புகள் என் மேசையிலேயே கிடக்கின்றன.

சனி, தொகோனாவோ

இன்று உடம்பு உயரத்துக்குப் பழகட்டும் என்று வைத்த நாள். ஒரு வண்டி பிடித்து தொகோனாவோ போனோம். எரிமலைக் கல்லை அறுத்துக் கட்டிய வெள்ளை வீடுகள், தனியாக நிற்கும் மணிக்கூண்டு, நடுவே ஓடைக்கரையில் பழத்தோட்டம். பாலைவனத்தில் அத்திமரத்தைப் பார்த்ததும் மாப்பிள்ளை போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

அல்மாவுக்கு மிக அருகில் இருக்கும் ஊர்களில் இது ஒன்று. இங்குள்ளவர்கள் லிக்கன் அன்டாய் பழங்குடியினர். மேலே இருக்கும் மலைகளெல்லாம் அவர்களுக்குச் சாமி. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் அறிவியலும் கற்பிக்க அல்மா உதவுகிறது. இந்த வட்டாரத்துக்கு என்று ஒரு நிதியும், சிலியின் வானியலுக்கு என்று ஒரு நிதியும் உண்டு. இவை தர்மம் அல்ல. நிலத்துக்கு ஈடாகச் சிலி கேட்டு வாங்கியவற்றில் சேர்ந்தவை.

சிலி வாங்கியதில் பெரியது நேரம். தொலைநோக்கியின் நேரத்தில் 10 சதவீதம் சிலியில் இருக்கும் வானியலாளர்களுக்கு. மீதி 90ஐ ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் 33.75 வீதமும், கிழக்காசியா 22.5ம் பிரித்துக்கொள்கின்றன. தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வரை போயிருக்கிறார்கள் பாருங்கள். இவர்களுக்குள் நல்லுறவு நீடிப்பதற்கு அந்த 0.75 ஒரு முக்கியக் காரணம் என்பது என் கட்சி. உறவில் பெருந்தன்மை, பங்கில் தசமம்.

எல்லாம் இனிமையாகவே நடந்தது என்று நினைக்க வேண்டாம். ஆகஸ்ட் 2013இல், திறப்பு விழா முடிந்து அரை வருடம்கூட ஆகாத நிலையில், உள்ளூர் ஊழியர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. சம்பளமும், உயரத்தில் வேலை செய்யும் நிலைமையும் பிரச்சினை. இரண்டு வாரத்துக்கு மேல் தொலைநோக்கி நின்றது. நான்கைந்து கண்டத்து விஞ்ஞானிகள் போட்டி போட்டு வாங்கிய நேரமெல்லாம் காற்றோடு போயிற்று. ஒரு கருவிக்கு இத்தனை நாடுகள் அப்பன் என்றாலும், அதை ஓட்டுகிறவர் அந்த மண்ணின் தொழிலாளர் சட்டத்துக்குள்தான் இருக்கிறார். எங்கள் ஒப்பந்த நகல்களில் "பணியாளர்" என்ற தலைப்பு கடைசிப் பின்னிணைப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஊர் திரும்பியதும் அதை முன்னுக்கு இழுக்க வேண்டும்.

ஞாயிறு, அல்மா

காலையில் ஊரிலிருந்து பஸ். கட்டணம் கிடையாது, வார இறுதியில் மட்டும், முன்பே பெயர் கொடுத்திருக்க வேண்டும். நெடுஞ்சாலையிலிருந்து தனிச் சாலையில் பிரிந்து 15 கிலோமீட்டரில் கீழ் முகாம் வருகிறது, 2,900 மீட்டர் உயரம். ஆன்டெனாக்கள் நிற்கும் சாஹ்நந்தோர் சமவெளி இன்னும் 28 கிலோமீட்டர் மேலே. அங்கே பொதுமக்களை விடுவதில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கே மருத்துவப் பரிசோதனையும் ஆக்சிஜனும் கட்டாயம். முடிந்தவரை எல்லா வேலையையும் கீழேயே முடித்துக்கொள்வது இங்குள்ள விதி. கட்டுப்பாட்டு அறையும் கீழேதான்.

பழுதுபார்க்க இறக்கிவைத்த ஆன்டெனாக்கள் முகாமில் நின்றிருந்தன. இதைத்தான் நான் பார்க்க வந்தேன். தூரத்தில் பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளைத் தட்டு. கிட்டே போனால் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள். 66இல் 25 அமெரிக்கத் தரப்பின் வெர்டெக்ஸ் நிறுவனம் கட்டியவை. 25 ஐரோப்பியக் கூட்டு நிறுவனம் ஒன்று கட்டியவை. ஜப்பானின் மிட்சுபிஷி 16 கட்டியது: 12 மீட்டரில் நான்கு, 7 மீட்டரில் பன்னிரண்டு. வெர்டெக்ஸ் தட்டில் 264 அலுமினியப் பலகைகள். ஐரோப்பியத் தட்டில் நிக்கலில் வார்த்த 120 பலகைகள். ஒன்று பல்சக்கரத்தில் திரும்புகிறது, மற்றொன்று பல்சக்கரமே இல்லாமல் நேரடி மோட்டாரில் திரும்புகிறது. தட்டின் பரப்பு 25 மைக்ரானுக்கு மேல் பிசகக் கூடாது என்ற ஒரு நிபந்தனை மட்டும் எல்லோருக்கும் பொது. தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை.

ஒரே ஆன்டெனா வேண்டும் என்றுதான் ஆரம்பத்தில் ஆசைப்பட்டார்கள். நியூ மெக்சிகோவில் மாதிரி ஆன்டெனாக்களை நிறுத்தி வைத்துச் சோதனையும் செய்தார்கள். கடைசியில் 2005 ஜூலையில் அமெரிக்கா தன் நிறுவனத்துக்கும், டிசம்பரில் ஐரோப்பா தன் நிறுவனத்துக்கும் ஆணை கொடுத்தன. தன் நாட்டு வரிப்பணம் தன் நாட்டுத் தொழிற்சாலைக்குப் போக வேண்டும் என்ற ஆசையைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது இல்லாவிட்டால் அந்தப் பணமே வந்திருக்காது. ஆனால் விலை உண்டு. கட்டும்போது ஒரு முறை கொடுக்கும் விலை அல்ல அது. ஒவ்வொரு வகைக்கும் தனி உதிரி பாகம், தனிப் பயிற்சி, தனிப் பராமரிப்புப் புத்தகம் என்று தொலைநோக்கி இருக்கும்வரை மாதாமாதம் போய்க்கொண்டிருக்கும் விலை.

மாப்பிள்ளை சுற்றிச் சுற்றி வந்தார். "அடிப்பாகத்தைப் பாருங்கள் மாமா. மேலே என்ன வித்தியாசம் இருந்தாலும், தரையில் உட்காரும் இடம் ஒன்றுதான். வண்டி தூக்கும் இடமும் ஒன்றுதான்."

சரியாகப் பிடித்துவிட்டார். இடைமுகக் கட்டுப்பாட்டு ஆவணம் என்று எங்கள் தொழிலில் ஒன்று உண்டு. உன் பொருள் எங்கே முடிகிறது, என் பொருள் எங்கே தொடங்குகிறது, நடுவில் எத்தனை போல்ட், எந்த மின்னழுத்தம், எந்தக் கேபிள், எவ்வளவு எடை என்று இரண்டு தரப்பும் கையெழுத்திடும் தாள். அமைச்சர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைச் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவைக்கலாம். அல்மாவை ஒட்டவைத்திருப்பது இந்தத் தாள்கள். மேலே சமவெளியில் 192 மேடைகள் இருக்கின்றன. எந்தப் பெரிய ஆன்டெனாவையும் அதற்கான எந்த மேடையிலும் வைக்கலாம் என்றால், அது அந்தத் தாளின் வேலை.

ரிசீவர் கதை இன்னும் சுவாரசியம். ஒவ்வோர் ஆன்டெனாவின் வயிற்றிலும் ஒரு பெரிய குளிர்கலன், உள்ளே மைனஸ் 269 டிகிரி. அதில் பத்துப் பொந்துகள். ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஒரு குழல் அந்தப் பொந்தில் போய் உட்கார வேண்டும். கலன் இங்கிலாந்தின் ரதர்ஃபோர்டு ஆப்பிள்டன் ஆய்வகத்திலிருந்து வந்தது. மூன்றாவது அலைவரிசையின் குழல் கனடாவின் விக்டோரியா, ஆறாவது அமெரிக்கா, ஏழாவது பிரான்சின் கிரனோபிள், ஒன்பதாவது நெதர்லாந்து, நான்கும் எட்டும் பத்தும் ஜப்பான். இவற்றைப் பூட்டிச் சோதிக்க அமெரிக்காவில் ஒன்று, இங்கிலாந்தில் ஒன்று, தைவானில் ஒன்று என மூன்று மையங்கள். கிரனோபிளில் ஒருவர் வரைபடத்தில் அரை மில்லிமீட்டர் மாற்ற நினைத்தால், அதற்கு மூன்று கண்டத்தின் சம்மதம் வேண்டும். சம்மதம் கேட்கக் கூட்டம் போட வேண்டும். இந்த ஜூலையில் சாந்தியாகோவில் காலை 8 மணி என்றால் ஜெர்மனியில் பிற்பகல் 2, தோக்கியோவில் இரவு 9. யாரோ ஒருவர் எப்போதும் தூக்கக் கலக்கத்தில்தான் இருப்பார். அது ஒரே ஆளாக இருக்காமல் பார்த்துக்கொள்வது நல்ல மேலாளருக்கு அடையாளம்.

பிறகு அந்த வண்டி. ஓட்டோ, லோரே என்று இரண்டு இருக்கின்றன, ஜெர்மனியின் ஷாய்ர்லே நிறுவனம் செய்தவை. எங்களுக்கு ஒன்று கிடைத்தது. மஞ்சள் நிறம், 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 130 டன். மாப்பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டார். டயரின் பக்கத்தில் நின்று தன் தோளோடு அளந்து பார்த்தார். பின்னால் போய்க் குனிந்து ஹைட்ராலிக் குழாய்கள் போகும் பாதையை விரலால் காற்றில் வரைந்தார். சுமார் 100 டன் ஆன்டெனாவை அணைத்துத் தூக்கிக்கொண்டு, மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் மலை ஏறி, மேடையில் மில்லிமீட்டர் கணக்கில் இறக்கி வைக்கும் வண்டி. போகும் வழியிலும் ரிசீவர் சூடாகக் கூடாது என்பதால் ஆன்டெனாவுக்கு மின்சாரத்தையும் வண்டியே கொடுக்கிறது. ஓட்டுநர் இருக்கையின் முதுகுப்பக்கம், முதுகில் ஆக்சிஜன் சிலிண்டர் கட்டிக்கொண்டு உட்காருவதற்கேற்ப வளைத்துச் செய்யப்பட்டிருக்கிறது.

"இன்ஜின்?" என்று கேட்டார். இரண்டு டீசல் இன்ஜின்கள், ஒவ்வொன்றும் 500 கிலோவாட் என்றேன். மேலே காற்று மெலிந்திருப்பதால் கிட்டத்தட்டப் பாதி சக்தி போய்விடும்.

"அப்படியென்றால் இது இரண்டு மடங்காகப் போட்டது. நாங்கள் லடாக்குக்கு ரிக் அனுப்பும்போது இதைச் சொன்னால் வாங்குகிறவர் விலையைக் குறைக்கத்தான் பார்ப்பார்."

மேலே இருக்கும் கோரிலேட்டரைப் படத்தில்தான் காட்டினார்கள். எல்லா ஆன்டெனாவின் சமிக்ஞையையும் சேர்த்துப் பெருக்கும் கணினி அது. 13 கோடியே 40 லட்சம் செயலிகள். இந்த உயரத்தில் சாதாரண ஹார்டு டிஸ்க் வேலை செய்யாது. டிஸ்க்கைப் படிக்கும் முனை மெல்லிய காற்றுப் படலத்தில் மிதப்பது. மேலே அதற்குப் போதுமான காற்று இல்லை. ஆகவே மேலே இருக்கும் கணினிகளுக்கு டிஸ்க் கிடையாது. இப்படி ஒரு வரி முதல் நாளே விவரக்குறிப்பில் ஏறியிருக்க வேண்டும். அதை எழுதிய பெயர் தெரியாத பொறியாளருக்கு ஒரு கும்பிடு.

திரும்பும் பஸ்ஸில் ஒரு செய்தியைச் சொன்னேன். மூன்று தரப்பில் கடைசியாகச் சேர்ந்தது ஜப்பான். ஆனால் வானாய்வகம் சோதித்து ஏற்றுக்கொண்ட முதல் ஆன்டெனா ஜப்பானுடையது, டிசம்பர் 2008இல். அடுத்த மாதம் அமெரிக்க ஆன்டெனா. ஐரோப்பாவின் முதல் ஆன்டெனா வந்தது ஏப்ரல் 2011இல். அதற்குள் வானாய்வகம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. வந்தவற்றை மேலே ஏற்றி, இணைத்து, பிழைகளைக் கண்டுபிடித்து, 2011 செப்டம்பர் கடைசியில் 16 ஆன்டெனாக்களோடு முதல் சுற்று அறிவியலைத் தொடங்கிவிட்டார்கள். வேறு வேறு வகை ஆன்டெனா வாங்கியதில் ஒரு லாபமும் இருந்தது: ஒருவர் தாமதித்தால் மற்றவர்களுடையது நிற்கவில்லை.

"அதுதான் மாமா, ஒரே பட்டறையை நம்பக் கூடாது என்பது," என்றார் மாப்பிள்ளை. போட்டிப் பட்டறைகள் பற்றி அவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

திங்கள், கலாமா விமான நிலையம்

விமானம் தாமதம். எழுத நேரம் கிடைத்தது.

இந்தியாவும் இப்போது இந்த மாதிரி ஓர் அணியில் இருக்கிறது. ஸ்குயர் கிலோமீட்டர் அரே என்னும் தொலைநோக்கிக்கு 1,250 கோடி ரூபாய்க்கான அரசு ஒப்புதல் 2024 தொடக்கத்தில் வெளியானது. தென்னாப்பிரிக்காவில் 197 தட்டுகள், ஆஸ்திரேலியாவில் 1,31,072 சிறிய ஆன்டெனாக்கள். முழுத் தொலைநோக்கியையும் ஆட்டுவிக்கும் மேலாண்மை மென்பொருளின் வடிவமைப்புக்கு புனேயின் தேசிய ரேடியோ வானியற்பியல் மையம் தலைமை தாங்கியது. அங்கேயும் பங்கின் பெரும்பகுதி பொருளாகவும் வேலையாகவும்தான் போகிறது.

இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. அல்மாவைப் போலன்றி, அந்த அமைப்பு 2021இல் உடன்படிக்கை வழியே தனிச் சட்ட உருவத்தோடு பிறந்தது. சொந்தமாக ஆள் எடுக்கலாம், ஒப்பந்தம் போடலாம். தட்டுகளிலும் புதியவற்றுக்கு ஒரே வடிவம் என்று முடிவெடுத்தார்கள். ஆனால் தென்னாப்பிரிக்காவில் ஏற்கெனவே நிற்கும் மீர்கேட் தொலைநோக்கியின் 64 தட்டுகளும் அதில் சேர்கின்றன, அவை 13.5 மீட்டர், புதியவை 15 மீட்டர். ஆக, கலப்பு அங்கேயும் தப்பவில்லை.

நாம் கொடுப்பது மென்பொருள். அதுதான் எனக்குக் கவலை. ஆன்டெனாவை ஒப்படைத்த பிறகு தொழிற்சாலைக்காரர் வீட்டுக்குப் போய்விடலாம். மென்பொருளுக்கு ஒப்படைக்கும் நாள் என்று ஒன்று பெயருக்குத்தான் இருக்கும். 2022 அக்டோபர் 29 அன்று அல்மாவின் கணினிகள் மீது இணையத் தாக்குதல் நடந்தபோது ஆன்டெனா ஒன்றுகூடச் சேதமாகவில்லை. ஆனாலும் டிசம்பர் 16 வரை வானத்தைப் பார்க்க முடியவில்லை. மென்பொருள் கொடுத்தவர் அன்றைக்கு எத்தனை ஆளை, யார் செலவில், எத்தனை நாளுக்கு அனுப்ப வேண்டும்? நம் பங்கின் மதிப்பில் அது அடக்கமா, தனிக் கணக்கா? ரிசீவர் குழலுக்குப் போல்ட் எண்ணிக்கை வரை எழுதியவர்கள் இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

இதை ஒரு பக்கக் குறிப்பாக எழுதி முடித்துவிட்டேன். எதிர் இருக்கையில் மாப்பிள்ளை, கடையில் வாங்கிய ஓட்டோவின் படத்தில் ஆக்சில்களை எண்ணிக்கொண்டு, எஃகு விலையைக் கேட்டு ஊருக்குப் போன் போட்டிருக்கிறார். விமானத்துக்கு அழைப்பு வந்துவிட்டது.